கூலியைக் குறைத்தது யார்? கலிஃபோர்னிய வயல்களின் சாட்சியம்

அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுக்கிறார்களா என்ற வழக்கு அமெரிக்காவில் நூறாண்டாக ஓய்ந்தபாடில்லை. அவர்களை வெளியேற்றினால் கூலி தானாக உயரும் என்கிறது ஒரு தரப்பு. உள்ளூர்க்காரர் தொட மறுக்கும் வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள், அதனால் யாருக்கும் நட்டமில்லை என்கிறது மறு தரப்பு. இரண்டு பேச்சையும் உரசிப் பார்க்கக் கலிஃபோர்னியாவின் வயல்கள் நல்ல இடம். வெளிநாட்டுத் தொழிலாளரைச் சட்டப்படி லட்சக்கணக்கில் அழைத்து வந்தது, அனுமதியற்றவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துத் திருப்பி அனுப்பியது, பின்னர் அழைப்பையே நிறுத்தியது என்று மூன்றும் அங்கே ஒரே தலைமுறைக்குள் நடந்தன. உள்ளூர்த் தொழிலாளியின் கூலி அடிபட்டது உண்மை என்பதை அந்த வரலாறு மறைக்கவில்லை. ஆனால் அதை அடித்தது, வந்தவனை வாய் திறக்க முடியாத நிலையில் நிறுத்திய சட்டம் என்பதையும் அது காட்டுகிறது. சட்டத்தைத் தொடாமல் ஆளை மட்டும் அப்புறப்படுத்திய ஒவ்வொரு முறையும் உள்ளூர்க்காரருக்கு மிஞ்சியது ஏமாற்றமே.

முதல் ஏமாற்றம் 1930களில் நேர்ந்தது. பெருமந்தத்தில் வேலைகள் அழிந்தபோது, மெக்சிகோக்காரர்களை அனுப்பிவிட்டால் அமெரிக்கர்களுக்கு வேலை கிடைக்கும் என்ற முழக்கம் எழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களின் உள்ளாட்சி நிர்வாகங்களே ரயில் ஏற்பாடு செய்து குடும்பம் குடும்பமாக எல்லைக்கு அப்பால் அனுப்பின. போனவர்கள் பல லட்சம் பேர். அவர்களில் கணிசமானோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்குகளை ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், அதிகம் பேரை வெளியேற்றிய ஊர்களில் உள்ளூர்க்காரர்களின் வேலையோ கூலியோ உயரவில்லை என்றே கண்டிருக்கிறார்கள். அதே பத்தாண்டில்தான் அமெரிக்கத் தொழிலாளர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமையை 1935-ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலியை 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் தந்தன. இரண்டிலும் விவசாயக் கூலிகளுக்கு இடமில்லை. பின்னால் நடந்த அனைத்துக்கும் விதை இந்த விலக்கில் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் காற்று திசை மாறியது. வயலுக்கு ஆள் இல்லை என்று பண்ணை முதலாளிகள் முறையிட, 1942 ஆகஸ்டில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிராசெரோ திட்டம் எனப்படும் அது போர் முடிந்த பிறகும் தொடர்ந்து, 1951-ல் தனிச் சட்டமாகி, 1964 இறுதி வரை நீடித்தது. 22 ஆண்டுகளில் 45 லட்சத்துக்கும் மேலான ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஏட்டில் படித்தால் அது நியாயமான ஏற்பாடு. உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால் மட்டுமே வெளியாள் வர வேண்டும், வட்டாரத்தில் நிலவும் கூலியையே அவனுக்கும் கொடுக்க வேண்டும், தங்குமிடமும் பயணச் செலவும் முதலாளியின் பொறுப்பு. நடைமுறையில் இந்த விதிகளின் அடிப்படையே ஆட்டம் கண்டது. பருவம் தொடங்கும் முன்பே பண்ணை உரிமையாளர் சங்கங்கள் கூடி ஒரு கூலியை நிர்ணயித்தன. அந்தக் கூலிக்கு உள்ளூர்க் குடும்பங்கள் வராதபோது ஆள் பற்றாக்குறை என்று அரசிடம் சான்று பெற்றன. பிறகு அதே கூலியே வட்டாரக் கூலி என்று பதிவானது. கூலியை உயர்த்திப் பார்த்து ஆள் தேட வேண்டிய அவசியம் முதலாளிகளுக்கு ஒருபோதும் ஏற்படவில்லை.

வந்தவர்களின் நிலை என்ன? டெக்ஸாஸ் எல்லையில் ஹிடால்கோ வரவேற்பு மையத்தில் 1956-ல் லெனர்ட் நாடெல் எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. ஆடை களைந்து வரிசையில் நிற்கும் ஆண்கள்மீது முகமூடி அணிந்த பணியாளர் டிடிடி பூச்சிமருந்தைப் பீய்ச்சுகிறார். இத்தகைய வரிசைகளைக் கடந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்கள் சாலினாஸ் பள்ளத்தாக்கின் கீரை வயல்களில் குட்டைக் கைப்பிடி களைக்கொத்தைக் கையில் வாங்கினார்கள். ஓரடி, மிஞ்சினால் இரண்டடி நீளமே உள்ள அந்தக் கருவியைப் பிடித்தால் நாள் முழுக்க இடுப்பை மடித்தே நடக்க வேண்டும். நிமிர்ந்தவன் வேலை செய்யவில்லை என்பது வரப்பில் நிற்கும் மேஸ்திரிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முதுகெலும்பைத் தேய்த்த அந்தக் கருவி கலிஃபோர்னியாவில் 1975-ல்தான் தடை செய்யப்பட்டது. 1963 செப்டம்பரில் சுவலார் என்ற ஊரருகே, தட்டுலாரியை மாற்றிச் செய்த பேருந்து ஒன்று வயலிலிருந்து பிராசெரோக்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது ரயில் மோதி 32 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் நடுவே அந்தத் தொழிலாளிக்கு இல்லாதது ஒன்றுதான்: வேறு முதலாளியிடம் போகும் உரிமை. ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தால் அந்த நொடியே அவன் சட்டவிரோதக் குடியேறி. வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையில் நம்மவர்கள் பல்லாண்டு பட்ட பாடு இதே வகையைச் சேர்ந்ததுதான்.

பிராசெரோவை இப்படிக் கட்டி வைத்ததன் விலையை உள்ளூர்த் தொழிலாளியும் கொடுத்தார். 1947 அக்டோபரில் ஆர்வின் ஊரில் டிஜியார்ஜியோ நிறுவனத்தின் பெரும்பண்ணையில் தேசியப் பண்ணைத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அங்கே வேலை செய்த பிராசெரோக்களும் முதலில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று சொல்லி அதிகாரிகள் அவர்களை மறுபடியும் வயலுக்குள் அனுப்பினார்கள். தங்கள் விருப்பத்தால் தோழர்களாக நின்றவர்களைச் சட்டம் கருங்காலிகளாக்கியது. இழுபறியாக நீண்ட அந்தப் போராட்டம் 1950-ல் தோற்றது. ஆக்ஸ்நார்ட் நகரில் 1958-59-ல் நடந்தது இன்னும் நுணுக்கமான கொடுமை. அங்கே பண்ணை வேலை கேட்டுப் போன உள்ளூர்க்காரரிடம், வென்ச்சுரா ஊரிலிருக்கும் அரசு அலுவலகத்தில் பரிந்துரை அட்டை வாங்கி வரச் சொன்னார்கள். அலுவலகம் திறந்து அட்டை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பிராசெரோக்கள் வயலில் இறங்கியிருப்பார்கள். இன்றைக்கு வேலை இல்லை, நாளைக்குப் புதிய அட்டை கொண்டுவா என்பார்கள். சமூக ஊழியராக அங்கே வந்த சீசர் சாவேஸ், இப்படித் திருப்பியனுப்பப்பட்டவர்களைத் திரட்டி நாள்தோறும் அந்த அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ப் புகார்களைப் பதிவு செய்ய வைத்தார். உள்ளூர்க்காரர் செய்ய மறுக்கும் வேலை என்ற வாதம் இந்தப் புகார்களுக்கு முன்னால் நிற்காது. அவர்கள் வேலை கேட்டு வரிசையில் நின்றவர்கள்.

சட்டப்படி வந்தவர்களின் கதை இது. சட்டத்துக்குப் புறம்பாக வந்தவர்களை உருவாக்கியதிலும் அரசின் கை இருந்தது. அனுமதியற்றவர்களைப் பிடித்து, எல்லைக் கோட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயே ஒப்பந்தம் எழுதி மீண்டும் அதே பண்ணைக்கு அனுப்புவது 1940களின் இறுதியில் வழக்கமாக இருந்தது. 1949-ல் மெக்சிகோவிலிருந்து புதிதாக அழைத்து வரப்பட்டவர்கள் சுமார் 20 ஆயிரம். ஏற்கனவே திருட்டுத்தனமாக வந்து, இப்படி ஒப்பந்தம் பெற்றவர்கள் சுமார் 87 ஆயிரம். அதிபர் ட்ரூமன் 1950-ல் அமைத்த ஆணையம் மறு ஆண்டு தந்த அறிக்கை, இந்தப் போக்கு உள்ளூர் ஏழைகளை எப்படி அழுத்துகிறது என்று விளக்கியது. அனுமதியற்றவர்கள் மிகுந்த டெக்ஸாஸ் எல்லையோரப் பள்ளத்தாக்கில்தான் கூலி அடிமட்டத்தில் இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பிழைப்புக்காக ஆண்டுதோறும் வடக்கே போக வேண்டியிருந்தது. அனுமதியற்றவரை வேலைக்கு வைப்பவரைத் தண்டியுங்கள் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 1952-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, அனுமதியற்றவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம், வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது என்று டெக்ஸாஸ் பண்ணையார்களுக்காக ஒரு விலக்கை எழுதி வைத்தது. 1954-ல் குடியேற்றத் துறைத் தலைவரான தளபதி ஜோசப் ஸ்விங், இழிசொல்லைப் பெயராகத் தாங்கிய ஒரு பெரும் வேட்டையை நடத்தி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை அகற்றிவிட்டதாக அறிவித்தார். அந்த எண்ணிக்கை ஊதிப் பெருக்கியது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். வேட்டைக்கு முந்தைய 1953-ல் சுமார் 2 லட்சமாக இருந்த பிராசெரோ ஒப்பந்தங்கள் 1956-ல் ஏறக்குறைய 4.45 லட்சமாயின. ஒரு வாசலில் விரட்டப்பட்டவர் மறு வாசலில் வேறு பெயரில் உள்ளே வந்தார். கூலி அப்படியே இருந்தது.

பிராசெரோ முறைக்கு எதிரான குரலை ஓங்கி எழுப்பியவர் எர்னஸ்டோ கலார்சா. மெக்சிகோவில் பிறந்து, சிறுவயதில் வயலில் கூலி வேலை செய்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வந்தவர்களின் வேதனையையும் உள்ளூர்க்காரர்களின் இழப்பையும் ஒரே நோயின் இரு அறிகுறிகளாக அவர் ஆவணப்படுத்தினார். அவரைப் போன்றவர்களின் உழைப்பாலும் தொழிற்சங்கங்களின் அழுத்தத்தாலும் 1964 டிசம்பர் 31-ல் திட்டம் முடிவுக்கு வந்தது. உச்சத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய நாலரை லட்சம் பேரை எட்டியிருந்த படையை நிறுத்தினால் உள்ளூர்க் கூலி உயரும் என்று அரசு உறுதியாக நம்பியது. அடுத்த கோடையில் தொழிலாளர் துறைச் செயலர் வில்லர்ட் விர்ட்ஸ், பள்ளி விளையாட்டு வீரர்கள் 20 ஆயிரம் பேரை அறுவடைக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். பெயர் கொடுத்தவர்களில் சில ஆயிரம் பேரே வயலுக்குப் போனார்கள். முலாம்பழ வயலின் வெயிலையும், தரமற்ற தங்குமிடத்தையும், அற்பக் கூலியையும் கண்டு பல குழுக்கள் பாதியிலேயே திரும்பின. மறு ஆண்டு அந்தத் திட்டம் இல்லை.

கூலி உயர்ந்ததா என்பதை மைக்கேல் கிளெமன்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகிய மூவரும் 2018-ல் வெளியான ஆய்வில் மாநிலம் மாநிலமாகக் கணக்கிட்டார்கள். பிராசெரோக்களை நிறைய நம்பியிருந்த மாநிலங்களையும், சிறிதளவே நம்பியிருந்தவற்றையும், அறவே பயன்படுத்தாதவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, வெளியேற்றத்தால் உள்ளூர்க்காரர்களின் கூலியிலோ வேலைவாய்ப்பிலோ அளவிடத்தக்க ஏற்றம் ஏற்படவில்லை என்று தெரிந்தது. காரணத்தைத் தக்காளி வயலில் காணலாம். டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா அடிபட்டாலும் நசுங்காத, ஒரே நேரத்தில் பழுக்கும் தக்காளி ரகத்தையும், கோபி லோரன்சன் அதைச் செடியோடு வெட்டி உதிர்க்கும் இயந்திரத்தையும் முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள். ஆள் மலிவாகக் கிடைத்த வரை அந்த இயந்திரத்தை வாங்கியவர்கள் மிகச் சிலர். ஆள் நின்றதும், 1960களின் முடிவுக்குள் கலிஃபோர்னியாவில் ஆலைக்குப் போகும் தக்காளி கிட்டத்தட்ட முழுவதும் இயந்திர அறுவடைக்கு மாறியது. தண்ணீர்விட்டான் கிழங்கின் இனமான அஸ்பராகஸ், ஸ்ட்ராபெரி போல இயந்திரம் கைகொடுக்காத பயிர்களில் சாகுபடிப் பரப்பு குறைந்தது. ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்ற கணக்கு, முதலாளிக்கு வேறு வழியே இல்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அவருக்கு வழி இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிராசெரோ திட்டம் முடிந்த ஓராண்டுக்குள், 1965 செப்டம்பர் 8-ல் டெலானோவில் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. 1970-ல் அது வென்றது. வெளியாட்கள் போனதால்தானே அது சாத்தியமாயிற்று என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கட்டிப்போட்ட ஆட்களைக் கொண்டு வேலைநிறுத்தத்தை உடைக்கும் ஆயுதம் முதலாளிகளின் கையிலிருந்து போனது சங்கத்துக்குப் பெரும் பலம். ஆனால் அந்தப் போராட்டத்தைத் தொடங்கியவர்கள் யார் என்று பாருங்கள். லேரி இட்லியோங் தலைமையில் முதலில் வெளியே வந்தவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து கிழடு தட்டிப்போயிருந்த தொழிலாளர்கள். எட்டு நாள் கழித்துச் சேர்ந்த சாவேஸின் சங்கத்தில் பெரும்பாலோர் மெக்சிகோ வழியினர். அவ்வாண்டு வசந்தத்தில் கோச்செல்லா பள்ளத்தாக்கில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் கேட்ட மணிக்கு 1.40 டாலர் என்பதும், வெளிநாட்டுத் தொழிலாளரை அழைத்தால் கொடுத்தாக வேண்டும் என்று அரசு விதித்த கூலிதான். வந்தவனுக்குச் சட்டம் ஒரு அடித்தளம் போட்டதும் மற்றவரும் அதன்மேல் ஏறி நின்று கேட்டார்கள். கூலி உயர்ந்தது சங்கம் காலூன்றிய தோட்டங்களில். ஆள் மட்டும் குறைந்து சங்கம் வராத வயல்களில் உயர்ந்தது இயந்திரங்களின் எண்ணிக்கை.

அடுத்த பத்தாண்டு இதே பாடத்தை எதிர்ப்புறமிருந்து கற்பித்தது. 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு முதன்முறையாக உச்சவரம்பு விதித்தது. 1976-ல் மெக்சிகோவுக்கும் மற்ற நாடுகளைப் போல ஆண்டுக்கு 20 ஆயிரம் என்ற வரம்பு வந்தது. ஒப்பந்தத்தோடு வந்துபோன அதே ஊர்களின் ஆண்கள் இப்போது காகிதமின்றி வந்தார்கள். 1965-ல் ஒரு லட்சத்தை ஒட்டியிருந்த பிடிபடல்கள் 1977-ல் பத்து லட்சத்தைத் தாண்டின. அவர்களை முதலாளிகள் கருங்காலிகளாக இறக்கியபோது சாவேஸின் சங்கம் வெகுண்டது. 1974-ல் அனுமதியற்றவர்களைப் பற்றிக் குடியேற்றத் துறைக்குத் தகவல் கொடுக்கும் இயக்கத்தையே அது நடத்தியது. அரிசோனா எல்லையில் சங்கத்தினர் கூடாரமடித்துக் காவல் நின்றார்கள். அங்கே வந்தவர்களை அடித்ததாகவும் புகார்கள் எழுந்தன. பெர்ட் கொரோனா போன்ற அமைப்பாளர்கள் இதை நேருக்கு நேர் கண்டித்தார்கள். தொழிலாளியைத் தொழிலாளியே காட்டிக் கொடுத்தால் லாபம் முதலாளிக்கு என்பது அவர்களின் வாதம். 1975-ல் கலிஃபோர்னியா பண்ணைத் தொழிலாளர் உறவுச் சட்டத்தை இயற்றியபோது வயலில் வேலை செய்யும் எவருக்கும், காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சங்கத் தேர்தலில் வாக்கு கிடைத்தது. எல்லைக் காவல் தராத வெற்றிகளை அந்த வாக்குச்சீட்டு தந்தது.

மிக ஏழையான உள்ளூர்க்காரர்களின் நிலை என்ன என்பது இன்னொரு மறுப்பு. 1980-ல் கியூபாவிலிருந்து 1.25 லட்சம் பேர் திடீரென அமெரிக்கா வந்து, ஏறக்குறைய பாதிப் பேர் மயாமியில் தங்கினார்கள். அங்கே கூலி குறையவில்லை என்று டேவிட் கார்ட் 1990-ல் எழுதினார். பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி கடுமையாகச் சரிந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் மறுத்தார். அந்தச் சர்ச்சை இன்னும் முடியவில்லை. அமெரிக்க அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கை, நீண்ட காலத்தில் மொத்தக் கூலிமீதான தாக்கம் மிகச் சிறிது என்றும், பாதிப்பு இருக்குமானால் அது முன்பே குடியேறியவர்கள்மீதும் படிப்பில்லாதவர்கள்மீதும் விழும் என்றும் சொன்னது. இதை மூடி மறைப்பது நேர்மையல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் 1980களில் சங்கத்தையும் வேலையையும் சேர்த்தே இழந்தார்கள். அவர்கள் இடத்துக்கு மெக்சிகோ, எல் சால்வடோர் மக்கள் குறைந்த கூலிக்கு வந்தார்கள். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். கட்டட உரிமையாளர்கள் வேலையைச் சங்கமில்லாத ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டது முதலில் நடந்தது. அந்த நிறுவனங்கள் எதிர்த்துப் பேச முடியாதவர்களைத் தேடி எடுத்தன. பேசமாட்டார்கள் என்று எண்ணப்பட்ட அவர்களே, அவர்களில் காகிதமற்றோரும் சேர்ந்தே, 1990-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 15-ல் செஞ்சுரி சிட்டியில் போலீஸ் தடியடியில் ரத்தம் சிந்தி, ஒப்பந்தத்தையும் வென்றார்கள். அனுமதியற்றவரை வேலைக்கு வைப்பவரைத் தண்டிக்கும் விதியை 1986-ல் ஆதரித்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு, 2000-ல் அதைக் கைவிட்டுக் காகிதமற்றோருக்குச் சட்டநிலை கொடுங்கள் என்று தீர்மானித்தது. அந்த விதி முதலாளியைவிடத் தொழிலாளியையே அதிகம் மிரட்டியதை அது பார்த்துவிட்டது.

சட்டத்தை மீறியவருக்கு உரிமை கொடுப்பது மீறலுக்குப் பரிசு ஆகாதா என்பது கடைசிக் கேள்வி. எல்லையைக் காக்கும் அதிகாரம் ஒரு நாட்டுக்கு உண்டு, அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை செய்த நாளுக்குக் கூலியும் சங்கம் சேர்ந்ததற்காகப் பழிவாங்கப்படாத பாதுகாப்பும் கொடுப்பது குடியுரிமை கொடுப்பதாகாது. 2002-ல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சங்கத்துக்காகச் சட்டவிரோதமாக நீக்கப்பட்ட ஒருவர் காகிதமற்றவராக இருந்தால் அவருக்கு நீக்கத்துக்குப் பிந்தைய காலத்தின் சம்பளம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அதன் பலன் என்ன? சங்கத்தை உடைக்க நினைக்கும் முதலாளிக்குக் காகிதமுள்ளவரை நீக்கினால் செலவு, காகிதமற்றவரை நீக்கினால் செலவில்லை. காகிதமற்றவரையே தேடி வேலைக்கு வைக்கச் சட்டமே ஊக்கம் கொடுக்கிறது. 1986-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டநிலை கிடைத்தது, அவர்களின் கூலியும் உயர்ந்தது. ஆனால் போலிக் காகிதத்தைக் கண்டும் காணாமலிருந்தால் முதலாளி தப்பலாம் என்ற ஓட்டையை அதே சட்டம் விட்டு வைத்தது. பண்ணைகள் இடைத்தரகு ஒப்பந்தக்காரர்களின் பின்னால் ஒளிந்துகொண்டன. அடுத்த தலைமுறைக் காகிதமற்றோர் அந்த வழியாகவே வந்தார்கள்.

இன்று அமெரிக்க வயல்களில் கூலிக்கு வேலை செய்பவர்களில் பத்தில் நான்கு பேருக்குச் சட்டப்படியான அனுமதி இல்லை. இன்னொரு புறம், ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட தற்காலிக விவசாய விசாவில் 2023-ல் 3.7 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. இது பிராசெரோ காலத்து எண்ணிக்கையை நெருங்குகிறது. ஆகவே வேட்டையா, விசாவா என்று மட்டும் விவாதிப்பது 1954-ஐ மறுபடி நடத்துவதுதான். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் காக்க விரும்பும் அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். வந்தவர் முதலாளியை மாற்றிக்கொள்ள விட வேண்டும். காகிதம் எதுவானாலும் கூலி, சங்கச் சட்டங்களை எல்லோருக்கும் ஒன்றாக நடத்த வேண்டும். மீறும் முதலாளிக்கு லாபத்தைவிடக் கூடுதலாகத் தண்டம் விதிக்க வேண்டும். மிரட்டக்கூடிய ஆள் ஒருவன் பக்கத்து வரிசையில் குனிந்திருக்கும் வரை, நிமிர்ந்து நின்று கூலி கேட்கும் எவருக்கும் பாதுகாப்பில்லை.